மின்கம்பியை உரசும் மரங்கள்: மொட்டை அடிப்பது ஏன் தீர்வல்ல?

மாதத்துக்கு ஒரு முறை காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகலிலோ மாலையிலோதான் திரும்பும். ‘மாதாந்திரப் பராமரிப்பு’ என்று முதல் நாளே நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கும். துணை மின்நிலையத்துக்குள் அந்த நேரத்தில் நடக்கும் வேலை நம் கண்ணில் படாது. தெருவில் நடப்பது படும். ஏணியும் அரிவாளும், நீளக் கழியில் கட்டிய கத்தியுமாக வரும் மின்வாரிய ஊழியர்கள், கம்பியைத் தொடும் கிளைகளை வெட்டிச் சாய்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்த வேலை இன்னும் வேகமெடுக்கும்.

அவர்கள் போனதும் தெருவில் இரண்டு பேச்சு எழும். நிழல் தந்த மரத்தை இப்படியா சிதைப்பது என்பது ஒன்று. ஒரு தூறல் விழுந்தாலே கரண்ட் போகிறதே, இன்னும் நன்றாக வெட்டியிருக்கக் கூடாதா என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான பேச்சுதான். கம்பியோரக் கிளைகளை வெட்டாமல் விட முடியாது. ஆனால், இன்று பல தெருக்களில் வெட்டப்படும் முறை மரத்தைக் கெடுக்கிறது, கம்பியையும் காப்பாற்றுவதில்லை. சில மாதங்களிலேயே அதே மரத்தடிக்கு அதே ஊழியர்களைத் திரும்ப வர வைக்கிறது.

உறையில்லாத கம்பி

தெருவில் கம்பத்துக்குக் கம்பம் ஓடும் கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலுறை கிடையாது. பலர் இதை அறிந்திருப்பதில்லை. வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயரைப் போல ரப்பரோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கும் என்றே நினைக்கிறார்கள். அவை வெறும் அலுமினியக் கம்பிகள். இழுவிசையைத் தாங்க நடுவில் எஃகு இழை ஓடும். ஒவ்வொரு தடிமனுக்கும் ‘வீசல்’, ‘ராபிட்’, ‘ரக்கூன்’, ‘டாக்’ என்று விலங்குப் பெயர்கள் உண்டு. பிரிட்டிஷ் வழக்கிலிருந்து வந்த இந்தப் பெயர்களை மின் ஊழியர்கள் இன்றும் புழங்குகிறார்கள். இந்தக் கம்பிகளுக்கு மின்காப்பு என்பது சுற்றியிருக்கும் காற்றும், கம்பத்தில் அவற்றைத் தாங்கும் பீங்கான் குமிழ்களும் மட்டுமே. காற்று இருக்க வேண்டிய இடத்தில் கிளை வந்தால் காப்பு போய்விட்டது என்று பொருள்.

கம்பத்தில் மூன்று கம்பிகள் மட்டும் பெரிய பீங்கான் குமிழ்களின் மேல் ஓடினால் அது பெரும்பாலும் உயரழுத்தப் பாதை. தமிழ்நாட்டில் இது இடத்துக்கேற்ப 11,000, 22,000 அல்லது 33,000 வோல்ட்டாக இருக்கும். நான்கைந்து கம்பிகளாக வீடுகளுக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டே போவது தாழ்வழுத்தப் பாதை. அதில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும்.

காய்ந்த மரத்துண்டு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உயிருள்ள மரம் அப்படியல்ல. பட்டைக்கு உள்ளே நீரும் உப்புகளும் ஓடுகின்றன. மழையில் பட்டையும் நனைந்துவிட்டால் இன்னும் நன்றாகக் கடத்தும். ஒரே ஒரு உயரழுத்தக் கம்பியை ஒரு பச்சைக் கிளை தொட்டால் மரத்தின் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தரைக்கு இறங்கும். துணை மின்நிலையத்தின் பாதுகாப்புக் கருவி அதை ஓர் ஆபத்தாகவே உணராத அளவுக்கு அது குறைவாக இருக்கக்கூடும். ஆனால், அந்த நேரத்தில் அடிமரத்தில் கைவைத்து நிற்கும் ஒருவரைக் கொல்ல அது போதும். மின்சாரம் ‘டிரிப்’ ஆகவில்லை, அதனால் மரத்தில் ஆபத்தில்லை என்ற கணக்கு தவறாவது இந்த இடத்தில்தான்.

கிளை இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே விழும்போது வேறொன்று நடக்கிறது. முதலில் கிளை சூடாகி அதன் ஈரம் ஆவியாகும். பிறகு பட்டை கருகும். கருகிய பகுதி கரி. கரி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கம்பியைத் தொடும் இரு முனைகளிலிருந்தும் கரித்தடம் மெல்ல நீண்டு ஒன்றோடொன்று சேரும் கணத்தில் பளீரென்று தீப்பொறி வெடித்து, ஃபியூஸ் போகும் அல்லது மின்பாதை துண்டிக்கப்படும். மழை இரவுகளில் விளக்கு சில முறை மினுக்கி, பிறகு தொலைவில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு இருள் சூழ்வதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

தாழ்வழுத்தப் பாதையில் கிளை விழுந்து நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்துபோவது வீடுகளுக்கு இன்னும் மோசம். அப்போது சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரை பாயக்கூடும். ஒரே தெருவில் ஒரே நேரத்தில் பல வீட்டு டி.வி.யும் ஃபிரிட்ஜும் கருகுவது இப்படித்தான். விளக்குகள் திடீரென்று வழக்கத்தை மீறிப் பிரகாசமாக எரிந்தால் உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய கிளைகள்

மரக்கிளை என்பது ஒரு தெருவின் தொல்லை மட்டுமே என்று நினைத்தவர்களின் எண்ணத்தை 2003 ஆகஸ்ட் 14 மாற்றியது. அன்று பிற்பகல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டிய 3,45,000 வோல்ட் பாதைகள் மூன்று, 40 நிமிடங்களுக்குள் அடுத்தடுத்து மரங்களைத் தொட்டுத் துண்டிக்கப்பட்டன. மின்சாரம் அதிகம் பாயும்போதும், வெயிலிலும் அலுமினியக் கம்பி சூடேறி நீளும். நீளம் சிறிதே கூடினாலும் இரு கம்பங்களுக்கு நடுவிலான தொய்வு அதைப்போல் பல மடங்கு கூடும். இதைக் கணக்கில் கொண்டுதான் ஒவ்வொரு பாதைக்கும் சுமை வரம்பு வைக்கிறார்கள். முதலில் விழுந்த பாதை அன்று தன் வரம்பில் 44 சதவீதச் சுமையைத்தான் தாங்கிக்கொண்டிருந்தது. கம்பி அளவுக்கு மீறித் தொய்யவில்லை. அடியிலிருந்த மரங்கள்தான் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தன.

அந்தச் சுமை மற்ற பாதைகளுக்கு மாறியது. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் பழுதாகியிருந்ததால் நிலைமையை யாரும் நேரத்தில் உணரவில்லை. அன்று மாலைக்குள் அமெரிக்காவின் 8 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுமாக ஏறக்குறைய 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். இரு நாடுகளும் சேர்ந்து நடத்திய விசாரணை, மரங்களை முறையாக வெட்டாததை முதன்மைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அடுத்த மாதமே, செப்டம்பர் 28 அன்று, சுவிட்சர்லாந்தில் ஓர் உயரழுத்தப் பாதை மரத்தைத் தொட்டது. அதில் தொடங்கிய தடுமாற்றம் சார்டீனியா தீவு நீங்கலாக இத்தாலி முழுவதையும் இருளாக்கியது. மின்பாதையோர மரப் பராமரிப்பு வட அமெரிக்காவில் அதன் பிறகு அபராதத்துடன் கூடிய கட்டாய விதியானது.

எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

வனப்பகுதி வழியாக மின்பாதை அமைப்பதற்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழிகாட்டுநெறிகளில் தெளிவான அளவுகள் உண்டு. 11,000 வோல்ட் பாதைக்கு 7 மீட்டர் அகலத் தடம். கம்பிக்கும் மரத்துக்கும் குறைந்தது 2.6 மீட்டர் இடைவெளி. 33,000 வோல்ட்டுக்கு 15 மீட்டர் தடம், 2.8 மீட்டர் இடைவெளி. 1,10,000 வோல்ட் கோபுரப் பாதைக்கு 22 மீட்டர் தடம், 3.7 மீட்டர் இடைவெளி. 4,00,000 வோல்ட்டுக்கு இவை 46 மீட்டராகவும் 5.5 மீட்டராகவும் உயர்கின்றன.

ஊருக்குள் 7 மீட்டர் தடத்துக்கு எங்கே போவது? 20 அடித் தெருவில் ஒரு பக்கம் கம்பம், மறுபக்கம் சாக்கடை, நடுவே வேப்பமரம் என்பதுதான் நம் நிலைமை. அதனால்தான் வெட்டும் முறை இங்கே அவ்வளவு முக்கியமாகிறது. இடைவெளி என்பது வெட்டிய அன்றைக்கான அளவு மட்டுமல்ல. அடுத்த முறை வெட்ட வரும்வரை கிளை எவ்வளவு வளரும், காற்றில் எவ்வளவு ஆடும் என்பதையும் சேர்த்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். ஒரே ஆண்டில் ஓராள் உயரத்துக்கு மேல் போத்து விடும் முருங்கைக்கும் மெதுவாக வளரும் மரத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது.

மொட்டை அடித்தால் என்ன நடக்கும்?

கம்பிக்குக் கீழே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தையோ வேம்பையோ, ஒரே மட்டத்தில் உச்சியைச் சீவிவிட்டுப் போவது நம் ஊர்களில் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும். பார்க்கவும் கம்பியைச் சுற்றி வெளி தெரியும். ஆனால், இலைகளைத் திடீரென்று இழந்த மரம் உயிர் பிழைக்கச் சேமிப்பையெல்லாம் செலவழித்து, வெட்டுவாயின் ஓரத்தில் கொத்துக் கொத்தாகப் போத்துகளைத் தள்ளும். அவை செங்குத்தாக, மிக வேகமாக, நேரே கம்பியை நோக்கி வளரும். இயல்பாகக் கிளைக்கும் கிளை, ஆண்டுதோறும் மரத்தின் உட்கட்டையோடு பின்னிப் பிணைந்து வளர்வது. இந்தப் போத்துகளோ பட்டைக்கு அருகே மேலாக ஒட்டி நிற்பவை. வெட்டிய கட்டை உள்ளே உளுத்துக்கொண்டிருக்க, மேலே பாரம் ஏறும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு பலத்த காற்றில் அவை கொத்தோடு பிய்ந்து கம்பியின் மேலேயே விழும். மொட்டை அடித்தவர்கள் எதைத் தடுக்க நினைத்தார்களோ அதுவே நடக்கும்.

இதை மரத்தின் உள்ளிருந்து விளக்கியவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ (1930–2006). ஆயிரக்கணக்கான மரங்களை மோட்டார் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து, காயம் பட்ட இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர் அவர். நம் தோலில் ஏற்படும் புண் ஆறுவதுபோல் மரத்தின் புண் ஆறுவதில்லை என்று அவர் காட்டினார். காயம் பட்ட கட்டையைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அதை அடைத்துவிடுகிறது. பிறகு அதன் மேல் புதிய கட்டையை வளர்க்கிறது. அந்தச் சுவரை எழுப்பும் ஆற்றல் எங்கே அதிகம் என்பதுதான் வெட்டுபவர் அறிய வேண்டியது. மின்கம்பியோர மரங்களை வெட்டுபவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி 1990இல் தனியாக ஒரு கையேட்டையும் அவர் எழுதினார்.

எந்தக் கிளையையும் அது மரத்தோடு சேரும் இடத்தில் உற்றுப் பாருங்கள். அடியில் சற்று உப்பிய, சுருக்கம் விழுந்த வளையம் ஒன்று தெரியும். வேம்பிலும் புங்கனிலும் அது நன்றாகவே புலப்படும். வெட்டு அந்த வளையத்துக்குச் சற்று வெளியே விழ வேண்டும். வளையத்தையும் சேர்த்து மரத்தோடு ஒட்டச் சீவினால் மரத்தின் தற்காப்பே போய்விடும். ஓரடி, இரண்டடி கட்டையாக விட்டுவிட்டால் அந்தக் கட்டை காய்ந்து, உளுத்து, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் வாசலாகும். வளையத்தை ஒட்டிச் சரியாக வெட்டிய இடத்திலோ, நாளடைவில் சுற்றிலும் புதுக்கட்டை வளர்ந்து வாயை மூடிவிடும். தாரோ பெயின்டோ பூசினால் அழுகல் நிற்கும் என்ற நம்பிக்கைக்கும் ஷைகோவின் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

கனமான கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டினால், பாதி வெட்டும்போதே அது தன் பாரத்தில் முறிந்து, அடிமரத்தின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு இறங்கும். இதைத் தவிர்க்க மூன்று வெட்டு தேவை. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையை உரிக்காமல் விழுந்துவிடும். மிஞ்சிய கட்டையை வளையத்தை ஒட்டி எடுப்பது மூன்றாவது வெட்டு. அரிவாளால் இதைச் சுத்தமாகச் செய்வது கடினம். நல்ல கைரம்பம் வேண்டும். பணிக்குழுக்களுக்குக் கழியில் பொருத்திய ரம்பத்தையும், இரண்டு நாள் செய்முறைப் பயிற்சியையும் கொடுப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

கிளையை நுனியில் கத்தரிப்பதைவிட, கம்பியை விட்டு விலகிப் போகும் ஒரு பக்கக்கிளை வரை பின்வாங்கி வெட்டுவதே சரியான முறை. அந்தப் பக்கக்கிளை வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் மரத்தின் வளர்ச்சி அந்தப் பக்கம் திரும்பும். போத்துகளும் குறைவாகவே வரும். கம்பிக்கு நேர்கீழே நிற்கும் மரத்தில் நடுவே வழி விட்டு இருபக்கமும் கிளைகளை வளரவிடலாம். ஓரமாக நிற்கும் மரத்தில் கம்பிப் பக்கத்துக் கிளைகளை மட்டும் எடுக்கலாம். பார்வைக்கு அழகாக இருக்காதுதான். ஆனால் மரம் பிழைக்கும், கம்பியும் பிழைக்கும். ஒரே ஆண்டில் மரத்தின் தலையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு.

தென்னைக்கும் பனைக்கும் இந்த முறை எதுவும் பொருந்தாது. அவற்றுக்கு ஒரே ஒரு வளர்முனைதான்; அதை வெட்டினால் மரம் செத்துவிடும். காய்ந்த மட்டையைக் கழிப்பதைத் தவிர அவற்றில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கம்பியருகே தென்னை நிற்குமானால் ஒன்று பாதையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மரத்தை எடுக்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்பாதைக்கு இடையூறான மரத்தை அகற்ற 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆவது பிரிவு வழி செய்கிறது. மின்விநியோக நிறுவனம் விண்ணப்பித்தால், நிர்வாக நடுவரோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ மரத்தை அகற்றவோ வேறுவிதமாகக் கையாளவோ உத்தரவிடலாம். பலரும் அறியாத பகுதி அடுத்து வருகிறது: மின்பாதை போடப்படுவதற்கு முன்பே அந்த மரம் அங்கே நின்றிருந்தால், அதன் உரிமையாளருக்கு நியாயமான இழப்பீடு வழங்க வேண்டும். பாதைக்குப் பிறகு நட்ட மரத்துக்கு இந்த உரிமை இல்லை. சட்டத்தின் கண்ணில் ‘மரம்’ என்பது புதர், வேலி, செடி எல்லாவற்றையும் உள்ளடக்கியது.

சட்டத்துக்குள் நின்றாலும் நடைமுறையில் எவ்வளவு பெரிய காயம் ஏற்படலாம் என்பதற்கு 2023 ஆகஸ்டில் கேரளத்தில் நடந்தது சான்று. எர்ணாகுளம் மாவட்டம் கோதமங்கலத்தை அடுத்த வாரப்பெட்டியில், 2,20,000 வோல்ட் பாதைக்குக் கீழே பயிரிடப்பட்டிருந்த 400க்கும் மேற்பட்ட நேந்திர வாழைகளை மின்வாரியம் வெட்டிச் சாய்த்தது. வாழை இலை கம்பியைத் தொட்டு மின்தடை ஏற்பட்டதே காரணம். ஓணத்துக்குச் சில வாரங்களே இருந்த நேரம். குலைகள் அறுவடையை நெருங்கியிருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் அந்த விவசாயிக்கு 3.5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கப்பட்டது. உயரம் மிஞ்சிய இலைகளை மட்டும் நீக்கியிருந்தால், அதற்கும் முன்பாக நடவின்போதே விவசாயியிடம் பேசியிருந்தால், ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு தரையில் கிடந்திருக்காது.

கம்பத்தில் ஏறுபவரின் உயிர்

கம்பியருகே கிளை வெட்டுவது மின் ஊழியரின் வேலைகளில் ஆபத்து நிறைந்த ஒன்று. இதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் துணை மின்நிலையத்திலிருந்து ‘லைன் கிளியர்’ என்ற எழுத்துபூர்வ அனுமதி. பிறகு சுவிட்சைத் திறந்து பூட்டுதல். பாதையில் மின்சாரம் இல்லை என்று சோதித்தல். கடைசியாக, வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் கம்பியால் கம்பிகளைத் தரையோடு இணைத்தல். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்ததால் போன உயிர்கள் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். மண்டபத்திலோ கடையிலோ ஜெனரேட்டரை முறையான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் இணைத்திருந்தால், அது வீட்டு இணைப்பு வழியாகக் கம்பிக்குத் திரும்பி ஏறும். டிரான்ஸ்பார்மருக்குள் எதிர்த்திசையில் புகுந்தால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளிவரும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை ஓர் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சரிபார்த்துக்கொண்டால், கம்பத்தில் ஏறி நிற்கும் ஒருவர் வீடு திரும்புவார்.

கீழே நிற்பவர்களின் மரணங்களில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. இரும்புக் குழாயில் கட்டிய துரட்டியால் முருங்கைக்காய் பறிக்கும்போது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது, அலுமினியக் கழியால் தேங்காய் தள்ளும்போது உயிர்கள் போகின்றன. உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை. மிக அருகே போனாலே காற்றைத் தாண்டிப் பாயும். மூங்கில் கழி பாதுகாப்பானது என்பதும் ஈரமாகும்வரைதான்.

அறுந்து தரையில் கிடக்கும் கம்பியைச் சுற்றி மண்ணிலும் மின்சாரம் பரவியிருக்கும். அதன் அழுத்தம் அடிக்கு அடி மாறும். இரு கால்களும் வெவ்வேறு அழுத்தமுள்ள இடங்களில் பதிந்தால் உடல் வழியாக மின்சாரம் பாயும். முன்கால், பின்கால் இடைவெளி அதிகமுள்ள மாடுகள் இப்படித்தான் மழைக்காலத்தில் செத்து விழுகின்றன. அருகில் இருந்துவிட்டால் கால்களை ஒட்டி வைத்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடியே குறைந்தது 10 மீட்டர் விலகிப் போக வேண்டும்.

நடும்போதே தொடங்க வேண்டியது

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் கம்பிகளோடு சாய்ந்தன. நிழலுக்காக வேகமாக வளர்க்கப்பட்ட மயில்கொன்றை, இயல்வாகை போன்றவை அவற்றில் நிறைய. வேர் பரவ இடமில்லாமல் அடிவரை சிமென்ட் பூசியதும், குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது வேர்களை வெட்டியதும் பல மரங்களை முன்பே தளர்த்தியிருந்தன. சென்னையின் மையப் பகுதிகளில் இருப்பதுபோல் புதைவடங்கள் அமைப்பது நல்ல தீர்வுதான். ஆனால் அது பல மடங்கு செலவு பிடிக்கும். பள்ளம் தோண்டும்போது வேரைக் காக்கவும் வேண்டும். அதுவரை, மரங்கள் அடர்ந்த தெருக்களிலாவது வெறும் கம்பிக்குப் பதில் மேலுறையுள்ள முறுக்குக் கேபிள்களைப் போடலாம். கிளை உரசினாலும் உடனே மின்தடை வராது. வெட்ட வேண்டிய அளவும் குறையும்.

கம்பிக்கு நேர்கீழே இடம் இருந்தால் செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி, கறிவேப்பிலை, மாதுளை, எலுமிச்சை வைக்கலாம். வேம்பு, புங்கன், மா போன்றவற்றைத் தெருவின் மறுபக்கத்தில் அல்லது கம்பியிலிருந்து நன்கு தள்ளி நட வேண்டும். மரக்கன்று நடும் விழாக்களை நடத்தும் உள்ளாட்சிகளும் பள்ளிகளும் தன்னார்வலர்களும் குழி தோண்டுமுன் ஒரு முறை அண்ணாந்து பார்க்க வேண்டும். இன்று கம்பிக்கு அடியில் நடப்படும் ஒவ்வொரு வேப்பங்கன்றும் 10 ஆண்டுகளில் மொட்டையடிக்கப்படும் மரம்தான்.

உள்ளாட்சி அமைப்பும் மின்வாரியமும் சேர்ந்து செய்ய வேண்டியது இன்னும் ஒன்று: மழைக்கு முந்தைய அவசர வெட்டை விட்டுவிட்டு, தெருவாரியாக மரங்களைக் கணக்கெடுத்து, ஆண்டு முழுவதும் சுழற்சி முறையில், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வெட்டுவது. கூடு கட்டிய மரங்களைத் தள்ளிவைக்கவும், வெட்டிய கிளைகளை அன்றே அப்புறப்படுத்தவும் அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

உங்கள் தெருவில் கிளை கம்பியைத் தொடுவதைக் கண்டால் நீங்களே வெட்ட முயலாதீர்கள். கூலிக்கு ஆள் வைத்தும் வெட்டாதீர்கள். 24 மணி நேரமும் இயங்கும் ‘மின்னகம்’ சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, அருகிலுள்ள மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். ஊழியர்கள் வரும்போது கூடவே நின்று, உச்சியைச் சீவாமல் கிளையடி வளையத்தை ஒட்டி வெட்டும்படி கேளுங்கள்.